பெரிய பரங்கிக்கு விதைத் தேர்வு

காய்த்த பரங்கிகளில் பெரியதாகப் பார்த்து ஒன்றை விதைக்கென்று ஒதுக்கி வைப்பது நம் விவசாயிகளின் வழக்கம். அடுத்த பருவத்தில் அந்த விதையிலிருந்து பெரிதும் சிறிதுமாகக் காய்க்கிறது. "விதை கெட்டுவிட்டது" என்று கடையில் வீரிய ஒட்டு விதை வாங்குகிறோம். அதிலிருந்து எடுக்கும் விதையோ மறு பருவத்தில் பல குணங்களாகப் பிரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பருவமும் விதைச் செலவுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகியபின் ஏரிப் பாசன நிலம் துண்டு துண்டாகிவிட்டது. மிஞ்சிய அரை ஏக்கருக்கும் ஆள் கிடைப்பது அரிது. அதிக ஆள் கேட்காத பரங்கி இங்கு ஏற்ற பயிர். ஆனால் நாட்டு விதை வைத்திருந்த குடும்பம் நிலத்தை விற்றால், அந்த விதையும் அத்தோடு போய்விடும். எனவே இருக்கிற விதையை முறையாகக் காப்பது அவசியம்.

காய் ஏன் பெரிதாகிறது?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பரம்பரைக் குணம், மற்றொன்று பராமரிப்பு. குப்பைமேட்டு ஓரத்தில் ஒரே காயுடன் படர்ந்த கொடியில் காய் பெரிதாகத்தான் இருக்கும். அது எருவின் பலன், விதையில் இறங்காது.

2023-ல் அமெரிக்காவில் ஒரு பரங்கி 1,247 கிலோ எடை வந்தது. கொடிக்கு ஒரு காய் மட்டும் விட்டு வளர்ப்பது அங்குள்ள போட்டியாளர்களின் முறை. ஆனால் அதற்கு அடிப்படை விதையே. கனடா நாட்டு விவசாயி ஹோவர்ட் டில் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயண்ட்' இரகத்தின் வழி வந்தவை இக்காய்கள். அது வேறு இனம். குளிர்ந்த நாட்டுக்கு உரியது. அதன் விதையைத் தேடி வாங்க வேண்டாம். அவர் பொறுமையைப் பின்பற்றினால் போதும்.

நமது வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கோ.1 இரகம் 7 முதல் 8 கிலோ காயும், கோ.2 இரகம் 1½ முதல் 2 கிலோ காயும் தரும். கல்யாணச் சமையலுக்கும் ஓட்டலுக்கும் பெரிய காய், சிறு குடும்பத்துக்குச் சிறிய காய். உங்கள் சந்தை எதுவென்று முதலில் தீர்மானியுங்கள்.

தகப்பனும் தெரிய வேண்டும்

பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. அடியில் சிறு பிஞ்சு உள்ளது பெண் பூ. மார்கழிக் கோலத்துக்கு ஆண் பூவை மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். மகரந்தத்தைத் தேனீ எங்கிருந்தோ கொண்டு வருகிறது. அடுத்த தெருக் கொல்லையில் உள்ள சிறு காய்ப் பரங்கியும் தகப்பனாகலாம். பெரிய காயில் தாய்க் குணம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. வெள்ளைப் பூசணியுடன் பரங்கி கலக்காது. அந்தப் பயம் வேண்டாம்.

செய்முறை

1. எல்லாக் குழிகளுக்கும் ஒரே அளவு தொழு உரம் இடவும். மஞ்சள் தேமல் நோய் இல்லாத 10 முதல் 15 கொடிகளுக்கு அடையாளம் கட்டவும்.

2. மறுநாள் மலரும் நிலையில், நுனி மஞ்சளான ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவிடவும்.

3. காலை 8 மணிக்குள் அதே கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் நன்றாகத் தடவவும். பெண் பூவை மீண்டும் கட்டி, காம்பில் தேதியுடன் அட்டை தொங்கவிடவும். இப்போது தாயும் தகப்பனும் ஒரே கொடி.

4. அறுவடையில் ஒவ்வொரு கொடியின் எல்லாக் காய்களையும் எடை போட்டுக் குறிக்கவும். ஒரு காயை வைத்து முடிவு செய்யக் கூடாது. மொத்த எடையும் காயின் அளவும் சிறந்த 5 அல்லது 6 கொடிகளை மட்டும் வைத்துக்கொள்ளவும்.

5. காம்பு நன்கு காய்ந்தபின் விதைக் காயைப் பறித்து, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்து வெட்டவும். சதையைச் சிறிது நாவில் வைத்துப் பார்க்கவும். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயையும் விதையையும் ஒதுக்கிவிடவும்.

6. விதையைக் கழுவி, மிதக்கும் பொக்கு விதைகளை நீக்கி, நிழலிலும் பிறகு காலை வெயிலிலும் உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்.

அடுத்த பருவம்

ஒவ்வொரு கொடியின் விதையையும் தனி வரிசையில், ஒரே எருவிட்டு ஊன்றவும். எந்த வரிசையில் எல்லாக் கொடியும் ஒத்துப் பெரிதாகக் காய்க்கிறதோ, அதன் முன் தலைமுறைக் கொடியே உண்மையில் சிறந்தது. எருவின் பலன் எது, விதையின் பலன் எது என்பது இங்கே தெரிந்துவிடும். நல்ல இரண்டு மூன்று வரிசைகளில் மீண்டும் இதே முறையில் தேர்வு செய்தால், மூன்று நான்கு பருவங்களில் காய்கள் பெரும்பாலும் ஒரே சீராக வரும்.

விதை முழுவதையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். ஒரு பிடி அண்டை வீட்டுக்கும், ஒரு பிடி வேறு ஊர் உறவினருக்கும் கொடுத்து வையுங்கள். ஒரு நிலம் கைமாறினாலும் விதை ஊரில் நிலைக்கும்.