வயலை மட்டஞ் செய்ய மட்டமானியை நிறுத்தும் முறை

வந்தாறுமூலையிலும் அதனை அடுத்த வாவிக்கரை ஊர்களிலும் உள்ள வயல்கள் பார்வைக்குச் சமதரை போலத் தோன்றும். ஆயினும், வக்கடையைத் திறந்து நீர் கட்டியதும் மேடும் பள்ளமும் வெளிப்படும். மேட்டில் நீர் ஏறாமையால் கோரையும் புல்லும் முளைக்கும். பள்ளத்தில் நீர் தேங்கி விதை அழுகும். உவர் எட்டும் வயல்களில் காய்ந்த மேட்டிலேயே உப்பும் பூக்கும்.

ஓர் ஏக்கரில் 1 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்ட ஏறக்குறைய 40,000 லீற்றர் நீர் வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 8 சென்ரிமீற்றர் சரிந்த ஏக்கர் வயலில், நீர் மேட்டைத் தொடுவதற்கே 160,000 லீற்றர் செலவாகும். உறுகாமம், உன்னிச்சை போன்ற குளங்களின் நீரால் சிறுபோகம் செய்யும் கமக்காரருக்கு இது சிறு இழப்பன்று.

கருவி

மட்டமானி என்பது முக்காலியின் மேல் பூட்டப்படும் ஒரு தொலைகாட்டியாகும். அதனுள் குறுக்குக் கோடு ஒன்று தெரியும். அடியில் மூன்று திருகுகளும், மேலே குமிழியுடன் கூடிய இரசமட்டமும் உண்டு. பார்வைக் கோடு 10 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சாய்ந்தாலும், 50 மீற்றர் தொலைவில் 5 சென்ரிமீற்றர் பிழை உண்டாகும். அப்பிழையை நம்பி மண் வெட்டினால் கூலியும் வீண்; வயலும் கெடும். ஆகவே, கருவியைச் செவ்வையாக நிறுத்துதலே முதல் வேலையாகும்.

நிறுத்தும் முறை

1. முக்காலியை இறுகிய தரையில், கால்களை நன்கு அகற்றி ஊன்றுக. சேற்றிலோ வரம்பின் ஓரத்திலோ நிறுத்தலாகாது. தலைப்பலகை கண்ணளவில் மட்டமாய் இருத்தல் வேண்டும்.

2. இரண்டு திருகுகளை ஒரே நேரத்தில் எதிரெதிராக, இரண்டும் உள்நோக்கியோ இரண்டும் வெளிநோக்கியோ திருப்புக. இடக்கைப் பெருவிரல் செல்லும் திசையிலேயே குமிழி செல்லும். பின்னர் மூன்றாந் திருகினால் குமிழியை நடுவுக்குக் கொணர்க.

3. தொலைகாட்டியைச் சுற்றித் திருப்பிப் பார்க்க. எத்திசையிலும் குமிழி நடுவில் நின்றால் நிறுத்தம் சரியாகும்.

4. கண்வில்லையைத் திருகிக் குறுக்குக் கோட்டைத் தெளிவாக்குக. அதன் பின்னரே அளவுகோலைத் தெளிவாக்குக. தலையை மேலும் கீழும் அசைக்கும்போது கோடு அளவுகோலில் நகர்ந்தால், இவற்றைத் திரும்பவும் செய்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை

குமிழி நடுவில் நின்றாலும் பார்வைக் கோடு பிழையாய் இருக்கக்கூடும். இதனை அறிய 40 மீற்றர் இடைவெளியில் இரு முளைகளை அடிக்க. சரிநடுவில் கருவியை நிறுத்தி, இரு முளைகளின் மேலும் அளவுகோலை வைத்து வாசித்து, வித்தியாசத்தைக் குறிக்க. இரு பக்கமும் தூரம் சமமாதலால் பிழையும் சமமாகி நீங்கிவிடும். இதுவே மெய்யான வித்தியாசம். பின்னர் கருவியை ஒரு முளைக்கு அருகே கொண்டுசென்று மறுபடியும் வாசிக்க. முன்னைய வித்தியாசமே வந்தால் கருவி நம்பத்தக்கது. வேறுபட்டால், அறிந்தவரைக் கொண்டு திருத்துவித்தல் வேண்டும்.

அளந்து திருத்தல்

வயலின் நடுவே கருவியை நிறுத்தி, பத்து மீற்றருக்கு ஓரிடமாக வாசிப்புகளை எழுதுக. வாசிப்பு கூடினால் அவ்விடம் பள்ளம், குறைந்தால் மேடு. புதியவர் பலர் இதனை மாற்றிக்கொண்டு பள்ளத்தையே மேலும் வெட்டிவிடுவர். எல்லா வாசிப்புகளின் சராசரியே வயலின் நடுமட்டமாகும். அதிலிருந்து எவ்வளவு வெட்டுவது, எவ்வளவு நிரப்புவது என்பதை அவ்வவ்விடத்து முளைகளில் குறித்துவிடுதல் நன்று.

மேல்மண்ணை ஒதுக்கி வைத்து, அடிமண்ணைச் சமப்படுத்திய பின் மீண்டும் பரப்புதல் வேண்டும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேற்றுமை மிகுதியாயின், இடையே வரம்பு கட்டி வயலை இரண்டாக்குவதே சிக்கனமாகும்.

மரக்கறித் தோட்டத்துக்கும் இக்கருவி பயன்படும். 30 மீற்றர் நீளமுள்ள நீர்ச் சாலுக்கு 6 முதல் 9 சென்ரிமீற்றர் வரையான சரிவு அமைத்தால், நீர் மண்ணை அரிக்காமல் கடைக்கோடி வரை செல்லும்.

சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக மழை தொடங்குமுன் உள்ள வறண்ட நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. தனியொருவர் கருவி வாங்க வேண்டியதில்லை. வட்டையில் உள்ளோர் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்றுகூடி, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் செய்வார்களாயின் செலவு குறையும். மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் இடையே நீர்ப் பிணக்கும் குறையும்.