முகத்துவாரப் பறவைகள் தரும் பயிர்ப் பாதுகாப்புப் பாடம்

காஞ்சிபுரத்தையொட்டிச் செல்லும் பாலாறு, செங்கல்பட்டைக் கடந்து வாயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில், கார்த்திகை முதல் மாசி வரை இந்த முகத்துவாரத்தில் உள்ளூர்ப் பறவைகளோடு, வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வரும் உள்ளான்களையும் காணலாம். சம்பா அறுவடை முடிந்த ஓய்வில் விவசாயப் பெருமக்கள் குடும்பத்தோடு ஒரு நாள் சென்று வருவது நலம். பொழுதுபோக்கோடு பயிர்ப் பாதுகாப்புப் பாடமும் கிடைக்கும்.

எப்படிப் பார்ப்பது?

காலையிலேயே சென்றுவிட வேண்டும். கடல்நீர் இறங்கிச் சேறு வெளிப்படும்போதுதான் பறவைகள் மும்முரமாக மேயும். அந்த நேரத்தை அங்குள்ள மீனவரைக் கேட்டால் சொல்வார். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு கரையில் அமைதியாக உட்காருங்கள். பளிச்சென்ற நிறத் துணி வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பறவைகள் மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்கினால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள்; அதற்குமேல் போகக் கூடாது. குழந்தைகளைச் சேற்றிலும் நீரிலும் இறங்க விடாதீர்கள்.

பெயர் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். முதலில் அலகைப் பாருங்கள். நமக்குக் களைக்கொத்து, அரிவாள் போல, பறவைக்கு அதன் அலகே கருவி. அரிவாள்மூக்கன் வளைந்த அலகால் சேற்றைக் குடைந்து புழுவை எடுக்கும். கரண்டிவாயன் தட்டை அலகால் நீரைத் துழாவும். ஆலா மேலிருந்து பாய்ந்து மீனைப் பிடிக்கும். அலகைக் கண்டால் இரை தெரிந்துவிடும்.

வயலிலும் அப்படியே

இதே பழக்கத்தை நம் வயலிலும் கைக்கொள்ளலாம். மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு, கிளம்பும் வெட்டுக்கிளிகளைத் தின்கிறது. அலகின் நடுவே இடைவெளியுள்ள நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைப் பொறுக்குகிறது. இரட்டைவால் குருவி பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. இக்குருவி உட்கார, ஏக்கருக்கு 20 வீதம் 'டி' எழுத்து வடிவில் குச்சிகளை நடலாம். நெல்லில் கதிர் வந்ததும் அவற்றை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் மணி தின்னும் பறவைகளுக்கு அதுவே வசதியாகிவிடும். மருந்து தெளிக்குமுன் கால்மணி நேரம் வரப்பில் நின்று, எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று பாருங்கள். தெளித்த பின் டப்பாவையும் தெளிப்பானையும் ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள்.

திருக்கழுக்குன்றத்தில் காணாதவை

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. அங்கே மலைமேல் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து உணவு உண்டதை நேரில் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் அருகியதற்கு முக்கியக் காரணம், மாட்டுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து. அது உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. கால்நடைகளுக்கு இம்மருந்து 2006லும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023லும் தடை செய்யப்பட்டன. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மனிதருக்கான ஊசி மருந்தை மாட்டுக்குப் போட இணங்காதீர்கள்.

தேதி, இடம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குழந்தைகள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஆண்டுதோறும் ஒப்பிட்டால் எது குறைகிறது என்பது தெரியும்.

பறவையின் பயனை நம் பகுதி விவசாயிகள் முன்பே அறிந்திருந்தனர். வேடந்தாங்கல் ஊரார், பறவை எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரமாவதைக் கண்டு, வெள்ளையர் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு 1798ல் பாதுகாப்புக் கவுல் பெற்றார்கள். அங்கே கூடு கட்டும் நாரையும் கொக்கும் இன்றும் சுற்றுப்புற வயல்களில்தான் இரை தேடுகின்றன. அவை உண்ணும் இரையில் நஞ்சு சேராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.