கையடக்க டீசல் இயந்திரம்: செய்து பார்ப்போம், பாதுகாப்பாக ஓட்டுவோம்

நீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் பயிர் எமக்காகக் காத்திருப்பதில்லை. வெங்காயப் பாத்தி இரண்டு நாளில் வாடத் தொடங்கும். நாம் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திருத்துபவரிடம் ஓடுகிறோம். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "கொம்பிறஷன் இல்லை" என்று ஒரு சொல்லிற் கூறுகிறார். நாம் தலையாட்டுகிறோம், கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். அந்தச் சொல்லின் பொருள் என்னவென்று கேட்பவர் எம்மிடையே மிகச் சிலரே.

இந்தப் பாடத்தில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதைக் கண்ணாலும் கையாலும் விளங்கிக்கொள்ள நல்ல வழி ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு டீசல் இயந்திரத்தைப் பட்டறையிற் செய்து ஓட்டிப் பார்ப்பதே அது. இந்தச் சிறு இயந்திரம் ஒரு பாத்திக்கும் தண்ணீர் இறைக்காது. ஆயினும், பெரிய இயந்திரத்துக்குள் மறைந்து நடப்பதை இது எமக்குக் காட்டித் தரும். லேத் வேலை பழகும் இளைஞர் உள்ள குடும்பங்கள் இப்பாடத்தை அவர்களோடு சேர்ந்திருந்து வாசிப்பது நல்லது.

1. பொறியில்லாமற் பிறக்கும் தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடேறும். மலாயா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளின் மக்கள் இதை முன்னரே அறிந்திருந்தார்கள். ஒரு முனை அடைத்த குழாய்க்குள் சிறு தண்டை ஓங்கி அடித்து, அதன் நுனியில் வைத்த பஞ்சு போன்ற பொருளிலே தீ மூட்டினார்கள்.

ஜேர்மன் பொறியியலாளர் றுடோல்ஃப் டீசல் இதே விதியைக் கொண்டு ஓர் இயந்திரத்தை அமைத்தார். ஔக்ஸ்பேர்க் நகரில் 1897ஆம் ஆண்டு அது வெற்றியாக ஓடியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது என்பது விவசாயிகளாகிய எமக்குச் சுவையான செய்தி.

பெற்றோல் இயந்திரத்தில் பிளக் பொறி கக்கி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திற் பிளக் இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது காற்று அதன் பருமனில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியசு அளவுக்கு உயர்கிறது. அந்தக் கொதிக்கும் காற்றில் டீசல் புகைபோலத் தெளிக்கப்பட்டவுடன் தானாகவே பற்றுகிறது.

ஆகவே, அமுக்கம் குறைந்தால் வெப்பம் இல்லை. வெப்பம் இல்லையேல் தீ இல்லை. "கொம்பிறஷன் இல்லை" என்பதன் முழுப் பொருளும் இவ்வளவுதான்.

2. சிறிதாக்கினால் வரும் சிக்கல்

பெரிய இயந்திரத்தை அப்படியே அளவு குறைத்துச் செய்தால் ஓடுமா? ஓடாது. ஒரு பானை வெந்நீரையும் ஒரு சிரட்டை வெந்நீரையும் அருகருகே வையுங்கள். சிரட்டைத் தண்ணீர் முதலில் ஆறிவிடும். நீள அகல உயரங்களைப் பாதியாகக் குறைத்தால் உள்ளே கொள்ளும் அளவு எட்டில் ஒன்றாகிறது. வெப்பத்தை வெளிவிடும் மேற்பரப்போ நாலில் ஒன்றாகவே குறைகிறது. எனவே சின்னச் சிலிண்டரில் அமுக்கிய காற்று பற்றுவதற்கு முன்னரே சூட்டை இழந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் தேவைப்படும் எரிபொருள் ஒரு துளியின் மிகச் சிறு பகுதியே. அதை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டரைக் கையாற் செய்வது மிகக் கடினம்.

1940களில் சுவிற்சர்லாந்து, இத்தாலி, பிரித்தானியா ஆகிய நாடுகளில் மாதிரி விமானங்களுக்கு இயந்திரம் செய்தவர்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். இன்ஜெக்டரை நீக்கிவிட்டு, எரிபொருளைக் காற்றோடு சேர்த்தே உறிஞ்சவிட்டார்கள். குறைந்த சூட்டிலேயே பற்றும் ஈதரை அதிற் கலந்தார்கள். நாம் செய்வதும் இந்த வகையே.

3. பகுதிகளும் செய்முறையும்

எடுத்துக்காட்டாக, துளை 12 மில்லிமீற்றரும் பிஸ்டனின் வீச்சு 14 மில்லிமீற்றரும் கொண்ட ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1.6 கன சென்ரிமீற்றர்.

சிலிண்டர்: உருக்கிற் கடையப்படும். சுவரில் கழிவு வெளியேறும் வாயிலும், புதிய கலவை மேலேறும் வாயிலும் வெட்டப்படும். பிஸ்டன் இறங்கும்போது கழிவு வாயில் முதலிலும் கலவை வாயில் அடுத்தும் திறக்க வேண்டும்.

பிஸ்டன்: வார்ப்பிரும்பிற் கடையப்படும். இந்தச் சிறிய அளவில் றிங் போடுவதில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள பொருத்தமே அமுக்கத்தைக் காக்கிறது.

எதிர்ப் பிஸ்டன்: சிலிண்டரின் மேற்பகுதியில் இறுக்கமாக இருக்கும் சிறு அடைப்பு. தலையில் உள்ள திருகை இறுக்கினால் இது கீழிறங்கி அமுக்கத்தைக் கூட்டும். திருகைத் தளர்த்தினால் உள்ளே எழும் விசையே இதை மேலே தள்ளும்.

ஏனையவை: கிராங் தண்டு உருக்கிலும், கொனெக்ரிங் றொட் கடினமான அலுமினியக் கலப்பிலும், உடற்பெட்டி அலுமினியத்திலும் செய்யப்படும். எரிபொருளைக் கட்டுப்படுத்த ஓர் ஊசித் திருகும், முன்னால் ஒரு விசிறி அல்லது பாரச் சில்லும் தேவை.

வேலையின் ஒழுங்கு முக்கியமானது. முதலிற் சிலிண்டரின் துளையை முடிக்க வேண்டும். பிஸ்டனைக் கடைசியில் அதற்கேற்பப் பொருத்த வேண்டும். வெளிப்புறத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பது எளிது. உட்துளையை அளவுக்குக் கொண்டுவருவது கடினம்.

துளையை மினுக்குவதற்கு உருக்கிலும் மென்மையான செம்பு அல்லது அலுமினியத் தண்டிலே தேய்ப்புப் பசை பூசி, கையாற் சுழற்றி மேலும் கீழும் இழைக்க வேண்டும். பசையின் துகள்கள் மென்மையான உலோகத்திற் பதிந்து கடினமான உலோகத்தைத் தேய்க்கும். சிலிண்டருக்குள் பிஸ்டனையே விட்டுப் பசையால் தேய்ப்பது கூடாது. அப்படிச் செய்தால் இரண்டும் வடிவம் கெடும். துகளும் பிஸ்டனிலே தங்கிவிடும். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயாற் பல தடவை கழுவுங்கள். வெள்ளைத் துணியாற் துடைத்தால் கறை படாத அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

சோதனை இதுதான்: ஒயில் பூசிய பிஸ்டனைச் சிலிண்டருக்குட் செலுத்தி இயந்திரத்தைப் பூட்டுங்கள். கையால் மெதுவாகச் சுழற்றினால் மேல்முனையில் அது மெத்தைபோல எதிர்த்து, விட்டவுடன் திரும்பித் துள்ள வேண்டும். இந்தத் துள்ளலே கொம்பிறஷன். இதைக் கையால் ஒருமுறை உணர்ந்தவர், தோட்டத்து இயந்திரத்தைச் சுழற்றும்போது அதன் சுகத்தையும் சுகவீனத்தையும் கையாலேயே சொல்லிவிடுவார்.

4. எரிபொருளும் அதன் ஆபத்தும்

ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகிய மூன்றையும் சம அளவிற் கலப்பது பழக்கம். ஈதர் பற்றவைக்கிறது, மண்ணெண்ணெய் சக்தி தருகிறது, ஆமணக்கெண்ணெய் உராய்வைத் தடுக்கிறது. ஆமணக்கெண்ணெய் மண்ணெண்ணெயோடு தானாகக் கலக்காது. அதை முதலில் ஈதரோடு கலந்து, பின்னர் மண்ணெண்ணெயைச் சேர்க்க வேண்டும்.

ஈதரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அது 35 பாகை செல்சியசிலே கொதித்துவிடும். எமது பிரதேசத்தின் கோடை வெயிலுக்கு இது போதும். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது. மேலெழுந்து கலைந்துபோகாமல் நிலத்தோடு ஊர்ந்து, தூரத்தில் எரியும் அடுப்பையோ விளக்கையோ சென்றடையும். அங்கே பற்றிய தீ வந்த வழியே போத்தலுக்குத் திரும்பும். முன்னர் சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்தாகப் பயன்பட்டதும் இதுவே. பூட்டிய அறையில் முகர்ந்தால் தலை சுற்றும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்:

ஈதரைத் தொழிற்பயிற்சி நிலையத்தின் போதனாசிரியர் பொறுப்பில் மட்டும் வைத்திருங்கள். குடிசையிலோ தற்காலிகக் கொட்டிலிலோ வைக்க வேண்டாம்.

திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், அன்றைய தேவைக்கு மட்டும் கலவுங்கள். அருகில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் இருக்கக் கூடாது.

இறுக மூடிய இருண்ட நிறப் போத்தலிற் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். அதன் ஆளியிற் பொறி எழும்.

நெடுங்காலம் கிடந்த பழைய ஈதரைத் தொட வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டு அதில் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும்.

போத்தலில் மருந்துக் கடைச் சீட்டு இருப்பதுபோற் பெயரை எழுதி ஒட்டுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

5. ஓட்டும் முறை

இயந்திரத்தைக் கனமான பலகையில் ஆணிகொண்டல்ல, போல்ற்றும் நட்டும் கொண்டு பூட்டுங்கள். கண்ணாடி அணியுங்கள். சால்வை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கிட்ட வரக் கூடாது. பார்ப்பவர்கள் இயந்திரத்தின் பின்புறத்தில் நிற்க வேண்டும். விசிறியின் நேர்ப் பக்கவாட்டில் எவரும் நிற்கக் கூடாது. இலை உடைந்தால் அந்தத் திசையிலேயே பறக்கும்.

முதலில் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். நடுவில் இறுகி நின்றால் பலவந்தம் செய்ய வேண்டாம். உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பலவந்தப்படுத்தினால் கொனெக்ரிங் றொட் வளையும் அல்லது முறியும். அமுக்கத் திருகைத் தளர்த்தி, ஊசித் திருகை மூடி, தேங்கியதை வெளியேற்றுங்கள்.

பின்னர் விசிறியை ஒரு தடியாற் தட்டிச் சுழற்றுங்கள். பற்றாவிட்டால் அமுக்கத் திருகைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஓடத் தொடங்கிச் சூடேறியதும் அமுக்கத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். விட்டுவிட்டு வெடித்தால் அமுக்கம் போதாது; மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து வேகம் குறைந்தால் அமுக்கம் அதிகம். புதிய இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் ஓட்டிப் பழக்குங்கள்.

நிறுத்துவதற்கு ஆளி இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எரிபொருட் குழாயை நெருக்கிப் பிடித்தால் நின்றுவிடும். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் எந்த டீசல் இயந்திரத்தையும் தொடக்க வேண்டாம்.

6. தோட்டத்து இயந்திரத்துக்கு வருவோம்

சிறியதிற் கற்றது பெரியதற்கும் பொருந்தும். கைபிடி கொண்டு சுழற்றும்போது துள்ளல் குறைந்திருந்தால் றிங், வால்வு, தலைப் பாக்கிங் ஆகியவற்றிற் கசிவு உண்டு. கைபிடியைப் பிடிக்கும்போது பெருவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். இயந்திரம் எதிர்ப்புறம் உதைத்தாலும் விரல் முறியாது.

தொடக்குவதற்குக் கஷ்டப்படும் இயந்திரத்துக்கு ஈதர் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சிறு இயந்திரத்தில் அமுக்கத்தை நாமே குறைக்கலாம்; பெரியதில் அது முடியாது. ஈதர் நேரத்துக்கு முன்னரே பற்றிப் பிஸ்டனையும் றிங்கையும் உடைத்துவிடும்.

நொசிலைச் சோதிக்கும்போது அதன் முன்னே கையை நீட்ட வேண்டாம். அங்கிருந்து பாயும் டீசலின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்குக்கும் மேல். அது தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் ஊசி குத்திய அடையாளம் மட்டுமே தெரியும். ஆனால் அன்றே வைத்தியசாலைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

7. கிணறும் புகையும்

இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம் முதலிற் செய்யும் வேலைகளில் ஒன்று, பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது. மேலே வைத்த பம்ப் நடைமுறையில் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். நீர் அதற்குக் கீழே இறங்கியதும், இயந்திரத்தைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். உயிர் போவது இங்கேதான்.

ஓடும் இயந்திரம் கிணற்றிலுள்ள ஒட்சிசனை எரித்துவிட்டு, காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவை நிரப்புகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மண்ணெண்ணெயிலும் பெற்றோலிலும் ஓடும் பம்புகள் இதை மிக அதிகமாகக் கக்கும், டீசலும் பாதுகாப்பானதல்ல. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் நஞ்சு உள்ளேயே தங்கும். இறங்கியவர் மயங்கி விழுகிறார். தூக்கப் போன தம்பி விழுகிறார். அவர்களைத் தேடிப் போன அயலவரும் விழுகிறார்.

மெழுகுதிரியை இறக்கி, அது எரிந்தால் இறங்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். திரி அணைந்தால் நிச்சயம் இறங்கக் கூடாது. ஆனால் அது எரிவதை நம்பியும் இறங்க முடியாது. மனிதரைக் கொல்லும் அளவுக்குக் காபனோரொட்சைட்டு இருக்கும்போதும் திரி எரிந்துகொண்டே இருக்கும்.

எனவே எரிபொருளில் ஓடும் எந்த இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். ஆழமான கிணற்றுக்கு நீரில் மூழ்கும் மின்பம்பை வாடகைக்கு எடுங்கள். மின்பிறப்பாக்கியைக் கிணற்றுக்குத் தூரத்தில், காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் வையுங்கள். ஆள் இறங்கும்போது பம்பை நிறுத்தி, அதன் மின்சாரத்தையும் துண்டித்துவிடுங்கள். மின்பம்புக்கு வழியில்லையேல், பல குடும்பங்கள் சேர்ந்து வாளியும் கப்பியும் கொண்டு இறையுங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் எவரும் பின்னால் இறங்க வேண்டாம். விசிறியாலோ கொம்பிறசராலோ உள்ளே காற்றைச் செலுத்துங்கள்; உணர்வோடு இருந்தால் கயிற்றைப் போடுங்கள்; உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது ஊரில் எத்தனை இயந்திரங்கள் "கொம்பிறஷன் இல்லை" என்று ஒதுக்கிக் கிடக்கின்றன? அவற்றை நாமே கழற்றிப் பார்க்க எவருக்குப் பயிற்சி தேவை?

2. ஐந்து அல்லது ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூழ்கும் மின்பம்பைப் பொதுவில் வாங்கி வைக்க முடியுமா? யார் பொறுப்பெடுப்பது?

3. அடுத்த கிணறு இறைக்கும் நாளில், "இயந்திரத்தைக் கீழே இறக்காதே" என்று துணிந்து சொல்லப்போகிறவர் எம்மில் யார்?