கத்தியின் குழிவும் கல்லின் உழைப்பும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டுமே நல்ல சவரக் கத்திகள். ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த கனத்த பழைய கத்தி. மற்றது ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த மெல்லிய கத்தி. எது முகத்துக்கு இதமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியாகத் தீட்டினால் இரண்டுமே இதமாக இருக்கும். ஆனால் ஒன்றைத் தீட்டுவது எளிது, மற்றதைத் தீட்டுவதற்குள் தோள் கடுத்துவிடும். புதிதாகக் கற்கிற நீ அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் சலூன்களில் நீ பார்த்து வளர்ந்தது பாதி பிளேடைச் செருகும் கத்தி. கூர் போனால் பிளேடைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. முழுக் கத்திக்கு அந்த வசதி இல்லை. அந்தக் காலத்து நாவிதரின் அடைப்பத்தில் கத்தியோடு சாணைக்கல்லும் தோல் வாரும் இருந்தது அதனால்தான்.

கத்தியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள். மேலே தடித்த முதுகு, கீழே வாய். முதுகிலிருந்து வாய் வரை இரண்டு பக்கமும் நேராகச் சரிந்து இறங்கினால் அது ஆப்பு. கடைக்காரர்கள் வெட்ஜ் என்பார்கள். உன் படத்து ஷெஃபீல்டு கத்தி இந்த வகை. அந்தப் பக்கங்களைச் சுழலும் சாணைக்கல்லில் பிடித்து உள்வாங்கக் குடைந்தால் குழிவு, அதாவது ஹாலோ. லேசாகக் குடைந்தது கால் குழிவு, இன்னும் குடைந்தது அரைக் குழிவு, முதுகை மட்டும் தடிப்பாக விட்டு மீதியை மெலிய வைத்தது முழுக் குழிவு. சாணைக்கல்லின் விட்டம் சிறுக்கச் சிறுக்கக் குழிவு ஆழமாகும். இந்தப் பெயர்களுக்குக் கறாரான அளவு கிடையாது. ஒருவர் அரை என்பதை இன்னொருவர் முக்கால் என்பார். அதனால் பெயரை நம்பாதே, கத்தியின் நுனிப்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் குறுக்குவடிவைப் பார். மிக ஆழமாகக் குடைந்த சோலிங்கன் கத்திகளில் வாய்க்குச் சற்று மேலே மெல்லிய மேடு ஒன்று இருக்கும். அந்த அளவு மெலிந்த தகடு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதற்காக விட்டது அது.

சோலிங்கனைப் பற்றிச் சொன்னதால் ஷெஃபீல்டு வாய் மழுங்கிய ஊர் என்று நினைத்துவிடாதே. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு அந்த ஊர்க் கத்திகள் உலகமெங்கும் போயின. நம் பக்கத்து எஃகுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய வூட்ஸ் எஃகை லண்டன் கத்தி வணிகர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் மிக உயர்வாக மதித்தார். சவரக் கத்திகளுக்கும் அறுவைக் கருவிகளுக்கும் அதைப் பயன்படுத்தினார். மைக்கேல் ஃபாரடே இளைஞராக இருந்தபோது அவரோடு சேர்ந்து எஃகோடு வேறு உலோகங்களைக் கலந்து பரிசோதித்து, 1820-லும் 1822-லும் முடிவுகளை வெளியிட்டார். 500-ல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த எஃகும் அவற்றில் ஒன்று. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று முத்திரை இருப்பதைப் பார்த்தால் அந்தக் காலத்து ஆர்வம் புரியும். ஆக, எஃகைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். 200 ஆண்டுகளுக்கு முன்பே முகம் மழிக்கப் போதுமான எஃகு இருந்தது. பிறகு மாறியது கத்தியின் வடிவம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோலிங்கன்காரர்கள் ஆழக் குடைவதில் கை தேர்ந்தார்கள். மெல்ல மெல்ல உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஏன் சாய்ந்தது என்பது கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் தெரிந்துவிடும். சவரக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கை முடிவு செய்வதில்லை. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் தட்டையாக வைக்கிறோம். கோணத்தை முதுகின் தடிப்பு தீர்மானிக்கிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் அது சுமார் 16 டிகிரி. தீட்டத் தீட்ட முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறாது. இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

குழிவுக் கத்தியில் கல்லைத் தொடுவது இரண்டே கோடுகள்: முதுகின் ஓரமும் வாயின் சாய்வும். தேய்க்க வேண்டிய எஃகு கொஞ்சம், வேலை சீக்கிரம் முடியும். அசல் ஆப்பில் முதுகு தொடங்கி வாய் வரை பக்கம் முழுவதும் கல்லில் படியும். வாயில் ஒரு மயிரிழை கூர் ஏற, பக்கம் முழுவதையும் தேய்த்தாக வேண்டும். பக்கத்தில் எங்காவது சிறு மேடு இருந்தால் போச்சு, வாய் கல்லைத் தொடவே தொடாது. இதற்கு ஒரு வழி உண்டு. முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் முதுகு சற்று உயரும், கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும், கல் வாயில் மட்டும் குறுகலாகப் பிடிக்கும். அப்படித் தீட்டிய கத்தியை அடுத்த முறையும் டேப்போடுதான் தீட்ட வேண்டும்.

முழுக் குழிவுக்கு வேறொரு தொல்லை. வாய்க்கு மேலே உள்ள தகடு மிக மெல்லியது. விரலால் அழுத்தினால் வளையும். வளைந்தால் வாய் கல்லை விட்டு எழும்பிவிடும், சாய்வின் மேல்பகுதி மட்டும் தேயும். தீட்டுகிறவன் மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு, 'கல் சரியில்லை' என்பான். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கறுப்பு மார்க்கர் பேனாவால் வாயின் சாய்வு முழுவதும் பூசு. காய்ந்ததும் நனைத்த கல்லில் ஒரே ஒரு இழுப்பு, கத்தியின் எடை மட்டும் போதும். விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார். வாயின் ஓரம் வரை மை அழிந்து எஃகு மின்னினால் கல் சரியான இடத்தில் பிடிக்கிறது. ஓரத்தில் நூல் போலக் கறுப்புக் கோடு மிஞ்சினால் அழுத்துகிறாய், அல்லது சாய்வு இன்னும் உருவாகவில்லை. பிடியை ஒட்டிய குதிகால் பக்கம் அழிந்து நுனியில் மை இருந்தால் கத்தி கோணியிருக்கலாம். அப்போது கத்தியைச் சற்றே சுழற்றி இழுக்க வேண்டும். பழைய கத்திகளில் பெரும்பாலும் இந்தக் கோணல் இருக்கும்.

கற்களைப் பற்றி நீண்ட புராணம் வேண்டாம். 1000 எண் கல்லில் சாய்வை உருவாக்கு. அங்கே கஞ்சத்தனமோ அவசரமோ கூடாது. பிறகு 4000, 8000. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் கல்லில் நுண்ணிய கார்னெட் துகள்கள் இருப்பதால் முடிப்பு வேலைக்கு அதைப் பலர் விரும்புவார்கள். உனக்கு இப்போது தேவையில்லை. கடைசியில் தோல் வார். அதில் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே. திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்பு. வார் தொய்ந்திருந்தால் வாய் உருண்டுவிடும், இழுத்துப் பிடி.

இனி முகம். கோணம் ஒத்திருந்து, வாயும் ஒரே மாதிரி தீட்டப்பட்டிருந்தால் வெட்டுவது ஒரே வெட்டுதான். மாறுவது கைக்குத் தெரிகிற உணர்வு. முழுக் குழிவு பேசும். முடியை அறுக்கும்போது சரசரவென்று ஒலிக்கும். நுரை வற்றிய இடத்தில் ஒலி மாறும். கோணம் தப்பினாலும் காதுக்குத் தெரியும். கற்பவனுக்கு இது பெரிய துணை. ஆப்பு பேசாது. கனத்தோடு அமைதியாக இறங்கும். முரட்டுத் தாடியில் வளையாமல், துள்ளாமல் போகும். அந்த நிதானத்துக்காகவே ஆப்பை விட்டு விலகாதவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் உன் தவறை அது மறைத்துவிடும். தாடைக்கு அடியில் கோணத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டே போவாய், எரிச்சல் வந்த பிறகுதான் தெரியும். அரைக் குழிவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தாடி கடினமாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

எரிச்சல் என்றால் உடனே குழிவைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தீட்டாத வாயும் நனையாத முடியும்தான். அமெரிக்காவின் எம்ஐடியில் செய்து 2020-ல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 50 மடங்கு கடினமான எஃகை முடி எப்படிச் சிதைக்கிறது என்று காட்டியது. பார்த்தது சாதாரண ரேசர் பிளேடுகளைத்தான். முடி வளைய இடம் இருந்து, எஃகும் அந்த இடத்தில் சீரற்று இருந்தால் வாய் சிறு சில்லாகப் பெயர்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: வெதுவெதுப்பான நீரில் முடியை நன்றாக ஊறவிடு, தோலை இழுத்துப் பிடி, முடி வளரும் திசையில் முதலில் இழு. முதுகு தோலிலிருந்து சுமார் 30 டிகிரி எழும்பியிருக்கட்டும்.

சோலிங்கன் கத்தியை வாங்கு. படத்தில் தெரிவது முழுக் குழிவுக்குச் சற்றுக் குறைவு, உனக்கு அதுவே பொருத்தம். ஷெஃபீல்டை வேறொருவர் வாங்கட்டும், இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து நீயே தேடு. பணம் அனுப்புமுன் விற்பவரிடம் இன்னும் இரண்டு படம் கேள்: முதுகை மேலிருந்து ஒன்று, வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. முதுகின் தேய்மானக் கோடு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் வேண்டாம். வாய் நடுவில் உள்வாங்கி இருந்தாலும் வேண்டாம். துரு முதுகில் இருந்தால் பரவாயில்லை, வாயோரம் குழி விழுந்திருந்தால் விட்டுவிடு. கத்தி கைக்கு வந்ததும் கொதித்து ஆறிய நீரில் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, உலர்த்தி வை. கல்லில் வைக்குமுன் எனக்கு ஒரு போன் போடு. மார்க்கர் வேலையைச் சேர்ந்தே செய்வோம். அக்காவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா