தாயின் நிறையும் இளங்கொடியும்

பசு கன்று போட்டால் இளங்கொடி விழும்வரை காவல் இருந்து, அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டியவர்கள் நாம். தாய்மாரின் இளங்கொடியைப் பற்றிப் பேச மட்டும் கூச்சப்படுகிறோம்.

பிள்ளை பிறக்கும்போது அது சுமார் அரைக் கிலோ இருக்கும். தாயின் இரத்தத்திலிருந்து உணவையும் ஒட்சிசனையும் எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதும் கழிவைத் திருப்பி அனுப்புவதும் அதன் வேலை. கரு உண்டாகி ஒரு கிழமை அளவில் கருப்பையில் ஒட்டி வேர்விடத் தொடங்கும். அப்போது தாய்க்கு மாதவிலக்கே தவறியிராது. ஆகவே, கிளினிக்குக்குப் போகத் தொடங்கிய பின் உண்ணும் உணவு மாத்திரம் போதாது. முன்னரே உடம்பில் உள்ள சேமிப்பில்தான் இளங்கொடி முளைக்கிறது.

இதை உலகம் அறிந்தது ஒரு பட்டினியால். 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒல்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜேர்மன் படையினர் தடுத்தனர். (பொருளாதாரத் தடையை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.) ஆளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரியும் கிடைக்கவில்லை. ரியூலிப் பூங்கிழங்கை அவித்துத் தின்றனர். 1945 மே மாதத்தில் விடுதலை வந்தது.

அங்குள்ள ஆஸ்பத்திரிகள் பிள்ளையுடன் இளங்கொடியையும் நிறுத்துப் பதிந்திருந்தன. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 300 கிராம் அளவில் குறைந்து பிறந்தனர். முதல் மூன்று மாதங்களில் பட்டினி கிடந்து பின்னர் உணவு கிடைத்தவர்களின் பிள்ளைகளோ நிறையில் குறையவில்லை. ஆனால் இளங்கொடி வழமையிலும் பெரிது. நீர் குறைந்த நிலத்தில் பயிர் வேரை நீட்டுவது போல!

2008இல் வெளியான ஆய்வு இன்னும் உள்ளே போனது. பட்டினிக் காலத்தில் கருவானவர்களின் இரத்தத்தை, அவர்களுக்கு அறுபது வயதளவில் சோதித்தனர். வளர்ச்சிக்குரிய ஒரு பரம்பரையலகின்மேல் இருக்கவேண்டிய ‘மீதைல்’ என்னும் நுண்ணிய இரசாயன அடையாளம், பட்டினிக்கு அகப்படாத சகோதரங்களைவிட இவர்களில் குறைவு. அலகு மாறவில்லை, அதை எவ்வளவு திறப்பது என்று சொல்லும் அடையாளமே மாறியிருந்தது. அதே அலகு இளங்கொடியின் வளர்ச்சிக்கும் வேண்டியது.

முகாமிலே பிள்ளை பெற்ற தாய்மார் இதைப் படித்து மனம் உடையவேண்டாம். அறுபது வயதில் வந்து இரத்தம் கொடுத்தவர்களும் அந்தப் பட்டினிப் பிள்ளைகளே. குற்றம் தாயினுடையதும் அல்ல.

ஐந்தடி உயரமுள்ள பெண் கருத்தரிக்கு முன் 43 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 58 கிலோவுக்கு மேற்பட்டால் கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்புக் கூடும். கலியாணம் முடிந்தவுடன் குடும்பநல மாதுவிடம் பெயரைப் பதிந்து, நிறை பார்த்து, போலிக் அமில மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் முள்ளந்தண்டு நரம்புக் குழாய் மூடுவது முதல் நான்கு கிழமைக்குள். பிந்தித் தொடங்கினால் அதற்கு உதவாது.

இனி, நம் அடுப்படி. ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் மருமகள் சட்டியை வழித்து உண்பது இன்றும் பல வீடுகளில் வழக்கம். நிவாரணப் பருப்பானாலும் நெத்தலிக் கருவாடானாலும் முருங்கையிலை வறையானாலும், அவளுடைய பங்கை முதலில் எடுத்து மூடி வைக்கலாம். அதை மாமியாரே செய்தால் பேச்சே எழாது.