ஸ்ட்ரட் பார் வாங்கலாமா?

கேள்வி: என் ஸ்விஃப்ட் காரில் மலைப்பாதை வளைவுகளுக்காக முன்பக்கம் ஸ்ட்ரட் பார் பொருத்த நினைக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், கோவை

பதில்: முதலில் டயர், ஷாக் அப்சார்பர், புஷ் மூன்றையும் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் பணத்தை அங்கே போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை. வேகமாகத் திரும்பும்போது ஸ்ட்ரட்டின் மேல்முனை, அது பொருந்தியிருக்கும் டவரைப் பக்கவாட்டில் தள்ளும். இரு டவர்களையும் இணைத்து அந்த அசைவைக் குறைப்பதுதான் பாரின் வேலை. இன்றைய கார்களின் பாடி ஏற்கெனவே விறைப்பானது என்பதால், சாதாரண ஓட்டத்தில் பலன் குறைவுதான்.

வாங்குவதென்றால், முனைத்தட்டுகளோடு ஒரே துண்டாக வெல்டிங் செய்ததை வாங்குங்கள். முனைகளில் ஒற்றை போல்ட்டில் திரும்பும் பார், டவர் முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது. அலுமினியமா, இரும்பா என்பதைவிட, குழாய் வளைவின்றி நேராகச் செல்கிறதா என்பது முக்கியம். பானெட்டை மெதுவாக மூடி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பொருத்தும்போது சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஜாக்கில் தூக்கிவைத்து ஸ்ட்ரட்டின் மேல் நட்டுகளைக் கழற்றவே வேண்டாம். மீண்டும் மாட்டும்போது, தயாரிப்பாளர் சொன்ன டார்க் அளவுக்கே நட்டுகளை முறுக்கச் சொல்லுங்கள்.