கோட்டில் வேலை, சங்கத்தில் தலைமை

கல்முனை போன்ற ஊரில் நீதிமன்ற ஊழியர் சங்கத்துக்குத் தலைவராகிறவருக்கு முதல் சோதனை கூட்டத்தில் வராது, சந்தையில் வரும். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் ஆளை ஆள் தெரியும். மீன் வாங்க நின்றாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "காக்கா, அந்தத் தவணையக் கொஞ்சம் கிட்ட எடுத்துத் தரேலாதா?" என்று யாராவது பக்கத்தில் வந்து நிற்பார். நான் எழுதுவினைஞராக இருந்தபோது எப்போதாவது வந்த இந்தக் கேள்வி, சங்கத் தலைவரானதும் வாராவாரம் வரத் தொடங்கியது. "வழக்குக் கதையென்றா உங்கட சட்டத்தரணியிட்டக் கேளுங்க" என்பதுதான் எல்லாருக்கும் என் பதில், சொந்த மச்சானுக்கும் அதுவே. தலைவர் ஒரு வழக்குக்காக ஒரு தரம் வாய் திறந்துவிட்டால், பிறகு அவர் கையொப்பமிடும் சங்கக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

அந்தக் கடிதத்தை விட்டால் எங்களுக்கு வேறு கதியுமில்லை. பதிவகத்தில் இருக்கிற எங்களில் பெரும்பாலானோரின் நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்றும் பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச் சேவை ஆணைக்குழுவின் கையில். மற்றத் திணைக்களத்தார் எம்.பி.யைப் பிடிப்பார்கள், அமைச்சரைக் காண்பார்கள். கோட்டில் வேலை செய்கிறவன் அரசியல்வாதியின் வாசலில் நிற்பதை எதிர்த்தரப்பார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

எனவே எழுதப் பழகுங்கள். "ஆளணி போதாது, ஆவன செய்க" என்று ஒற்றை வரி எழுதினால் கோவையில் போட்டு மூடிவிடுவார்கள். எங்கள் பெரிய தலைவலியையே எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி இங்கே நீதிமன்ற மொழி தமிழ். சாட்சியமும் கட்டளையும் தமிழிலேயே பதிவாகும். ஆனால் மேல் நீதிமன்ற வழக்கொன்று மேன்முறையீட்டில் கொழும்புக்குப் போனால், வழக்கேடு மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழியிலும் தயாராக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் குறைந்தால் மறியலில் இருக்கிறவனின் மேன்முறையீடு அலுமாரியில் தூங்கும். தேங்கியவை எத்தனை, மொத்தம் எத்தனை பக்கம், செய்ய எத்தனை பேர், மிகப் பழையது எந்த ஆண்டுக்குரியது என்ற விபரங்களை ஒரே தாளில் எழுதி, சிங்களப் பிரதியும் இணைத்து, பதிவாளர் ஊடாகவும் நீதிபதி ஊடாகவும் அனுப்புங்கள். கணக்கோடு போன கடிதத்துக்குத்தான் எங்களுக்குப் பதில் வந்திருக்கிறது.

வேலைநிறுத்தம் என்று பேச்செடுக்கும் இளையவர்களுக்கு 1947ஐ நினைவுபடுத்துவேன். அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் பொலிஸ் சூட்டில் இறந்தார். எழுதுவினைஞர் சங்கத் தலைவர் டி.பி. இலங்கரத்ன வேலையை இழந்தார். அரசாங்க ஊழியருக்குத் தொழிற்சங்கம் சும்மா கிடைத்ததல்ல. ஆனால் பகிஷ்கரிப்பு நாளில் நீதவான் நீதிமன்றக் காசாளர் ஜன்னலுக்கு வெளியே யார் நிற்பார் என்றும் பாருங்கள். நிந்தவூரிலிருந்தோ நாவிதன்வெளியிலிருந்தோ கைக்குழந்தையோடு பஸ் ஏறி, தாபரிப்புக் காசுக்கு வந்த பெண் நிற்பாள். காதி நீதிபதி போட்ட தாபரிப்புக் கட்டளையும் பணம் வராவிட்டால் இங்கேதான் வந்து சேர்கிறது. பக்கத்து ஜன்னலில் பிணைக்குக் கையொப்பமிட வந்த தகப்பன் நிற்பார். பிணைமுறி எழுத ஆளில்லையென்றால் மகன் இன்னுமோர் இரவு மறியலில். கறுப்புப் பட்டி கட்டுங்கள், மதிய இடைவேளையில் வாசலில் நில்லுங்கள், அந்த இரண்டு ஜன்னல்களையும் மட்டும் மூடாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். "சேர் பயந்த ஆள்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இடமாற்றத்தில் பெயர் சொல்லிப் பேசவே கூடாது. "இவரை விடுங்கள், அவரை அனுப்புங்கள்" என்று சங்கம் கேட்ட அன்றைக்கே அது இரண்டாக உடையும். எத்தனை வருடத்துக்கு ஒரு மாற்றம், தூர இடத்தில் இருந்தவருக்கு எப்போது முன்னுரிமை என்ற ஒழுங்கை மட்டும் கேளுங்கள்.

எங்கள் உறுப்பினரில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எல்லாரும் இருக்கிறார்கள். தலைவர் ஒரு சமூகமென்றால் செயலாளர் மற்றச் சமூகம் என்பது எழுதாத விதி. ஜும்ஆ நேரத்தில் கூட்டமில்லை, தீபாவளிக் கிழமையில் தேர்தலில்லை. கல்முனை வடக்குக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டுமா என்று தமிழரும் முஸ்லிம்களும் முரண்படும் பிரச்சினையில் சங்கம் எந்தத் தரப்பிலும் தீர்மானம் போடுவதில்லை. ஊரே இரண்டுபட்டு நின்ற நாட்களிலும் எங்கள் தேநீர் மேசை ஒன்றாகவே இருந்தது.

கடைசியாக, சங்கத்தின் பதிவு. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டினது. ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். பதிந்த சங்கம் வருடாவருடம் கணக்கறிக்கை அனுப்ப வேண்டும். தவணை தப்பியவனுக்குப் பிடியாணை எழுதியே பழகிய நாங்கள் எங்கள் சொந்தத் தவணையை மறந்துவிடுகிறோம், அதுதான் வேடிக்கை. புதிதாகப் பொறுப்பேற்றிருப்பவர்கள் மாலை போட்ட படத்தை அனுப்பி முடித்ததும், போன வருட அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று பொருளாளரிடம் கேளுங்கள்.